முன்னாள் பாஸ்டரம்மா

எங்கள் சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பாஸ்டரம்மாக்கள் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். நான் அன்றும் வழக்கம்போல் தூணுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் வாசலும் தெரியும், மேடையும் தெரியும். பிரசங்கத்தின்போது யார் கண்ணை மூடித் தியானிக்கிறார், யார் அதே கண்ணை மூடித் தூங்குகிறார் என்பதும் தெரியும். ஆகவே நான் சொல்வது யாரோ சொல்லிக் கேட்டதில்லை, என் கண்ணால் கண்டது.

பாட்டு முடிந்தது. புதிதாக வந்திருக்கும் பாஸ்டர் மைக்கை இப்படி அப்படி அசைத்துவிட்டு, "இப்ப பாஸ்டரம்மா நமக்காக ஜெபிப்பாங்க" என்றார். முன்வரிசையின் வலது கோடியில் அவருடைய மனைவி எழுந்தார். இடது கோடியில் எங்கள் பழைய பாஸ்டரம்மாவும் எழுந்தார். நடுவில் ஆள் உயரப் பூச்சாடி ஒன்று இருந்ததால் ஒருவர் எழுந்தது மற்றவருக்குத் தெரியவில்லை. இருவரும் கண்ணை மூடினார்கள். இருவரும் ஆரம்பித்தார்கள்.

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நல்ல நேரத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம். எங்களை ஒருமனதாய்க் கூடிவரச் செய்த கிருபைக்காக ஸ்தோத்திரம்..."

ஒரு சொல் பிசகவில்லை. ஒத்திகை பார்த்ததுபோல இருந்தது. இது ஏதோ புது ஏற்பாடு போலிருக்கிறது என்று நினைத்து, பின்வரிசையில் ஒருவர் உற்சாகமாக அல்லேலூயாகூடச் சொல்லிவிட்டார். கொஞ்ச தூரம் இப்படியே போனது. "வியாதிப்படுக்கையில் இருக்கிறவர்களை" என்று ஒருவர் திரும்ப, "பிரயாணத்தில் இருக்கிறவர்களை" என்று மற்றவர் திரும்ப, அங்கேதான் இரண்டு வண்டியும் முட்டிக்கொண்டன.

எங்கள் பாஸ்டரம்மா கண்ணைத் திறந்தார். பூச்சாடியைச் சுற்றி எட்டிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். பேருந்தில் தெரியாமல் இன்னொருவர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டவர் எப்படிப் பதறி எழுவாரோ, அந்தப் பதற்றத்தோடு உட்கார்ந்தார்.

அவரையும் குறை சொல்வதற்கில்லை. அவர் கணவர் பாஸ்டர் ஐயா போன வருடம் காலமாகும்வரை, கல்யாணமான நாளிலிருந்து, அவர் பாஸ்டரம்மாதான். மளிகைக்கடைக்காரருக்கும் பாஸ்டரம்மா, மீட்டர் பார்க்க வருகிறவருக்கும் பாஸ்டரம்மா. வீட்டுக்கு யாராவது வந்தால் ஐயாவே உள்பக்கம் திரும்பி, "பாஸ்டரம்மாவைக் கூப்பிடு" என்பார். அந்தச் சொல் காதில் விழுந்தால் கால் தானாக எழுந்துவிடும். ஐயா போனதும் சபை வீட்டைப் புதியவர்களுக்காகக் காலி செய்துவிட்டு, எங்கள் கட்டடத்தில் என் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடிவந்தார். வீட்டைக் காலி செய்தாயிற்று, பட்டத்தைக் காலி செய்ய யாரும் நாள் குறித்துக் கொடுக்கவில்லை.

அந்த வாரமே கமிட்டிச் செயலாளர் அவரைப் பார்க்க வந்தார். எங்கள் செயலாளருக்குத் 'தீர்மானம்' என்று பெயர். குழாயில் தண்ணீர் சொட்டினாலும் தீர்மானம் போட்டுத்தான் வாஷர் மாற்றுவார். அவர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டதும், சர்க்கரை கேட்பதற்கென்று நான் வைத்திருக்கும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். என் வீட்டில் சர்க்கரை ஒருநாளும் தீர்ந்ததில்லை என்பது வேறு விஷயம்.

"அம்மா, கமிட்டியில ஒரு தீர்மானம் போட்டிருக்கோம்" என்றார்.

"நான் எழுந்து நின்னதுக்கா?"

"ஐயையோ, அதுக்கில்லம்மா. இனிமே உங்களை 'மூத்த பாஸ்டரம்மா'ன்னு கூப்பிடறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். மேடைக்குப் பக்கத்துல குஷன் வச்ச நாற்காலி உங்களுக்கு. ஆரம்ப ஜெபம் நீங்க, முடிவு ஜெபம் அவங்க. யாருக்கும் மனவருத்தம் வராது பாருங்க."

"அப்ப நடுவுல பண்ற ஜெபம்?"

அவர் கேலி செய்கிறார் என்று எனக்குப் புரிந்தது. தீர்மானத்துக்குப் புரியவில்லை. மோவாயைத் தடவி யோசித்து, "அதை அடுத்த கூட்டத்துல வச்சுக்கலாம்மா" என்றார்.

"ஞாயித்துக்கிழமை பதில் சொல்றேன்."

அவர் போனபிறகு பாஸ்டரம்மா என் கிண்ணத்தில் சர்க்கரை போட்டுக்கொண்டே கேட்டார்: "அந்த நாற்காலியில உட்கார்ந்தா நான் யாரு, சொல்லு."

"மூத்த பாஸ்டரம்மா."

"உட்காரலைன்னா?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் இது அடிக்கடி நடக்கிற விஷயமில்லை.

"பார்த்தியா, உனக்கே தெரியல. ஊர்ல எல்லாரைப் பத்தியும் உனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமைக்குள்ள எனக்கு அது தெரிஞ்சாகணும். தெரியாம உட்கார்ந்துட்டேன்னா, சாகிறவரைக்கும் அந்த நாற்காலிதான்." சொல்லிவிட்டு, கதவோரம் மாட்டியிருந்த பழுப்பு நிறப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இந்தப் பையைப் பற்றி நான் முன்பே சொல்லியிருக்கவேண்டும். சில மாதங்களாகவே அவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்தப் பையோடு எங்கேயோ போகிறார். சாயங்காலம் திரும்பி வருகிறார். எங்கே என்று கேட்டால், "சும்மா ஒரு வேலை." பை பக்கத்தில் போனால் மருந்து வாசனை அடிக்கும்.

கீழே தையல்கடை அக்காவிடம் போய் ஆலோசித்தேன். வாயில் குண்டூசிகளோடு பேசினாலும் ஒரு சொல் சிதறாது அவருக்கு.

"முச்சந்தி சபைக்குத்தான் போறாங்க. வேற எங்க?" என்றார். முச்சந்தி சபை என்பது கலர் விளக்கும் பெரிய ஸ்பீக்கருமாக எங்கள் சபை ஆட்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டிருக்கும் இடம். "அங்க எல்லா நாற்காலியும் குஷன்தான். தீர்மானம் ஒத்த குஷனைக் காட்டினா இவங்க நிப்பாங்களா?"

"பையில மருந்து வாசனை வருதேக்கா. ஏதாவது வியாதியை மறைக்கிறாங்களோ?"

"வியாதிக்காரங்க அவ்வளவு வேகமா படி இறங்குவாங்களா? நீ வேற."

ஜாக்கெட் வாங்க வந்திருந்த ஒரு பெண், "மறுகல்யாணமா இருக்குமோ?" என்றாள். சீச்சீ என்று தள்ளினோம். ஆனாலும் கொஞ்ச நேரம் பேசிவிட்டுத்தான் தள்ளினோம்.

மறுநாள் நான் பின்தொடர்ந்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு சபையின் மூத்த பாஸ்டரம்மா எதிர்க்கட்சிக்குப் போகிறாரா இல்லையா என்பது எல்லோருக்கும் தெரியவேண்டிய விஷயம். அவர் ஏறிய பேருந்திலேயே பின்பக்கமாக ஏறி, ஒரு பருமனான மனிதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். முச்சந்தி வந்தது. அவர் இறங்கவில்லை. தையல்கடை அக்கா தோற்றார் என்று எனக்கு ஒரு சந்தோஷம். கண் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கினார். ஆஸ்பத்திரிக்குள் போகாமல் அதன் பின்பக்கச் சந்தில் திரும்பி, பச்சைக் கேட் போட்ட ஒரு கட்டடத்துக்குள் போனார். முதியோர் இல்லம்.

கூடத்தில் எட்டிப் பார்த்தேன். சுவரோரம் வரிசையாக நாற்காலிகள், எல்லாவற்றிலும் வயதானவர்கள், எல்லோர் காலுக்கும் கீழே ஒரு பிளாஸ்டிக் பேசின். குளிக்கும்போது உட்காருகிற குட்டை ஸ்டூல் ஒன்றைப் போட்டு, அதில் எங்கள் பாஸ்டரம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துண்டு, துண்டின் மேல் ஒரு கிழவரின் கால். கையில் குறடு போல ஒரு பெரிய நகவெட்டி.

"மெதுவா! அது விரல், விறகு இல்ல!" என்று கத்தினார் கிழவர்.

"விறகுன்னா எப்பவோ முடிஞ்சிருக்கும். ஆட்டாதீங்க."

டக் என்று ஒரு சத்தம். நகத்துண்டு ஒன்று தெறித்து என் காலடியில் வந்து விழுந்தது. நான் "ஐயோ" என்றுவிட்டேன். பாஸ்டரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பஸ்ஸிலயே பார்த்துட்டேன். வந்தது வந்துட்ட, அந்தத் துண்டைப் பிழிஞ்சு கொடு."

பிழிந்து கொடுத்தேன். பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. கேள்வி கேட்க வந்தவளுக்குக் கைநிறைய வேலை. ஆனால் வாய் சும்மாதானே இருந்தது?

"இங்க எப்படி பாஸ்டரம்மா?"

ஐயாவின் துணிமணிகளைக் கொடுத்துவிட்டுப் போகத்தான் முதலில் வந்தாராம். இங்கே ஒரு அம்மாவுக்கு நகம் வளைந்து சதைக்குள் போய், செருப்பே போடமுடியாமல் உட்கார்ந்திருந்ததாம். குனிய முடியாதவர்களுக்கு நகம் ஒரு பெரிய பிரச்சினை என்று அப்போதுதான் உறைத்ததாம். நர்ஸுக்கு ஆயிரம் வேலை. ஐயாவுக்குத் தொந்தி விழுந்த காலத்திலிருந்து நகம் வெட்டிவிட்டது இவர்தான். பழக்கமான வேலை. உட்கார்ந்து வெட்டியிருக்கிறார். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு எப்படி வெட்டவேண்டும், எதைத் தொடக்கூடாது என்று நர்ஸ் பிறகு சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

"ஆண்டவர் சீஷருங்க காலைக் கழுவின மாதிரி" என்றேன். விவரம் தெரிந்தவள் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா?

"நானும் முதல் நாள் அப்படித்தான் நினைச்சேன். பெருமையா இருந்துச்சு. அப்புறம் ஒருத்தர் கூச்சம் தாங்காம மூஞ்சியிலயே எட்டி உதைச்சாரு. பெருமை போயிடுச்சு, நகம்தான் மிச்சம்."

கிழவர், "அது நான்தான்" என்றார் திருப்தியோடு.

"ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிப்பீங்களா?" என்று கேட்டேன்.

அவர் பையிலிருந்து மருந்துத் தண்ணீரை எடுத்து நகவெட்டியைத் துடைத்தார்; பையில் அடித்த வாசனை இதுதான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "கல்யாணமான புதுசுல ஒரு வீட்டுல ஜெபம் பண்ணச் சொன்னாங்க. எனக்கு வாயே வரல. அன்னைக்கு சாயங்காலம் ஐயா உட்கார வச்சு ஒரு ஜெபம் சொல்லிக் கொடுத்தார். இத்தனை வருஷமும் அதேதான். வீட்டுக்கு வீடு ஆள் பேரை மட்டும் மாத்திக்குவேன்."

"நல்ல ஜெபம்தானே."

"ரொம்ப நல்ல ஜெபம். ஆனா அது ஐயாவோடது. அன்னைக்கு அந்தப் பொண்ணு வாயிலயும் அதே வந்துச்சு பாரு, அப்பதான் சுருக்குன்னு இருந்துச்சு. நான் எழுந்து நின்னாலும் நிக்காட்டியும் அந்த ஜெபம் நடந்துடும். அப்ப இத்தனை வருஷமா ஆண்டவர்கிட்ட பேசினது யாரு? என் குரல் எப்படி இருக்கும்னு அவருக்காவது தெரியுமா? எனக்கே தெரியாது."

நான் குரலைத் தாழ்த்தினேன். "விசுவாசம் போயிடுச்சா?" இந்த பதிலைத் தையல்கடைவரை பத்திரமாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"போகல. இப்பதான் வந்திருக்கிற மாதிரி இருக்கு. புது வீட்டுல சுவிட்ச் எங்க இருக்குன்னு சுவத்தைத் தடவிக்கிட்டே நடப்போம் பாரு, அந்த மாதிரி."

அடுத்து ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போனோம். செருப்புப் போட முடியாமல் இருந்தது இவர்தான். கால் இப்போது சரியாகிவிட்டது. ஆனால் நினைவு நிற்காது. பார்க்கும்போதெல்லாம் புது ஆளைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பாராம். பாஸ்டரம்மா ஸ்டூலைப் போடுவதற்குள் கேட்டுவிட்டார்:

"நீ யாரு?"

பாஸ்டரம்மா என் பக்கம் திரும்பினார். "தினமும் இதே கேள்வி. முதல் நாள் 'பாஸ்டரோட சம்சாரம்'னேன். 'அவரு எங்க?'ன்னு கேட்டாங்க. இல்லைன்னேன். 'அப்ப நீ யாரு?'ன்னாங்க. அடுத்த நாள் 'விதவை'ன்னேன். 'அது என்ன, வேலையா?'ன்னாங்க. 'நகம் வெட்டுறவ'ன்னு சொல்லிப் பார்த்தேன். 'அதான் கையில இருக்கே, நீ யாருன்னு கேட்டேன்'னு ஒரே திட்டு."

"காது கேக்குதா? நீ யாருன்னு கேட்டேன்" என்றார் ஜன்னலோரத்து அம்மா, காலைப் பேசினுக்குள் வைத்துக்கொண்டே.

பாஸ்டரம்மா தண்ணீரில் கையை விட்டுச் சூடு பார்த்தார். "தெரியலம்மா. ஆனா என்னை நல்லாத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார்."

"அப்படியா? அப்ப ஏன் என் உசிரை வாங்குற? அவர்கிட்ட போய்க் கேட்டுட்டு வந்து சொல்லு."

பாஸ்டரம்மாவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. இத்தனை பிரசங்கம் கேட்ட மனுஷிக்கு இது தோன்றவில்லையே என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. திரும்பும்போது பேருந்தில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பேசியதையும் கேட்கவில்லை. நான் நிறையவே பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேடைக்குப் பக்கத்தில் சிவப்புக் குஷன் வைத்த நாற்காலி தயாராக இருந்தது. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக்கூட எடுக்கவில்லை. உறையை எடுக்க இன்னும் தீர்மானம் ஆகவில்லையோ என்னவோ. எங்கள் பாஸ்டரம்மா உள்ளே வந்தார். முன்வரிசைக்குப் போகாமல் நேராகத் தூணுக்குப் பக்கத்தில் வந்து, "தள்ளி உட்காரு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவர் பக்கத்தில் இருந்தால் நான் எப்படி நாலு பக்கமும் பார்ப்பது? தீர்மானம் முதலில் கண்ணால் ஜாடை காட்டினார், பிறகு கையால், பிறகு பாட்டுப் புத்தகத்தை ஆட்டினார். இவர் அசையவில்லை.

பாஸ்டர் இந்தத் தடவை ஜாக்கிரதையாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "இப்ப நம்ம... மூத்த பாஸ்டரம்மா... ஆரம்ப ஜெபம்."

இவர் எழுந்தார். முன்வரிசையில் புதியவரின் முதுகு அப்படியே விறைத்து உட்கார்ந்திருந்தது. பாவம், இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த நாற்காலி ரொம்ப நல்லா இருக்கு. நான் உட்காரல. கால் வலிக்கிறவங்க யாராவது உட்காருங்க" என்றார் இவர். "மூத்த, இளையன்னு எனக்கு எதுவும் வேணாம். அக்கான்னு கூப்பிடுங்க, ஆன்ட்டின்னு கூப்பிடுங்க. ஜெபம் பண்ணச் சொன்னீங்க, பண்றேன். கொஞ்சம் தடுமாறும், பொறுத்துக்குங்க."

கண்ணை மூடினார். நாங்களும் மூடினோம். நான் ஒரு கண்ணைத்தான் மூடினேன். 'அன்பின் பரலோகப் பிதாவே'க்காக எங்கள் உதடுகள் எல்லாம் தயாராகக் குவிந்திருந்தன. அது வரவில்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ இருமினார்கள். எங்கே நின்றுபோய்விட்டாரோ என்று நான் அவர் புடவையைப் பிடித்து இழுக்கப்போன நேரத்தில் குரல் வந்தது. மைக் இல்லாத குரல், பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடும் குரல்.

"ஆண்டவரே, நான்தான்."

முன்னால் இருந்த இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"உம்மைப் பத்தி எனக்கு நிறையத் தெரியும்னு இருந்தேன். எல்லாம் இன்னொருத்தர் சொல்லித் தெரிஞ்சது. இப்ப நானே வந்திருக்கேன். நான் யாருன்னு கேட்டுட்டு வரச் சொல்லி ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. நீர்தான் சொல்லணும். ஆமென்."

திருப்பி யாரும் ஆமென் சொல்லவில்லை. முடிந்துவிட்டது என்றே யாருக்கும் புரியவில்லை. எந்த அம்மா, எந்த அம்மா என்று வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. எனக்குத் தெரியும். ஆனால் நான் மூச்சு விடவில்லை. கூட்டம் முடிந்தபிறகு தையல்கடை அக்காவிடம் மட்டும் சொன்னேன், அதுவும் அவர் முகத்துக்காக.

வாசலில் செருப்பு மாட்டும் இடத்தில் புதியவர் ஓடி வந்தார். "ஆன்ட்டி, அன்னைக்கு நடந்ததுக்கு சாரி."

"நீ எதுக்கும்மா சாரி சொல்ற? நான்தானே பழக்கதோஷத்துல எழுந்தேன். அது சரி, அந்த ஜெபத்தை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தா?"

"என் மாமியார்."

"அவங்களுக்கு?"

புதியவர் யோசித்தார். "மாமனாராத்தான் இருக்கணும்."

இருவரும் செருப்புகளுக்கு நடுவில் நின்று சிரித்தார்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. சிரிப்பு அடங்கியதும் சின்னவர் குரல் இறங்கியது. "இன்னைக்கு நீங்க பண்ணின மாதிரி பண்ணலாமா ஆன்ட்டி? தப்பில்லையா?"

"எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும். இடி ஒண்ணும் விழலையே."

மறுநாள் மதியம் நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக நின்றேன். சர்க்கரைக் கிண்ணம் எடுக்கவில்லை, துண்டு எடுத்திருந்தேன். "போகலாமாக்கா?" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பையை என் தோளில் மாட்டினார். உளவு பார்க்கிறவளுக்குக் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்.

ஜன்னலோரத்து அம்மா வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா ஸ்டூலைப் போட்டார்.

"நீ யாரு?"

"கேட்டுட்டு வரச் சொன்னீங்களே. கேட்டேன்."

அந்த அம்மாவுக்கு எதுவும் நினைவில்லை. ஆனாலும் விஷயம் சுவாரசியமாக இருக்கும் என்று தோன்றியிருக்கவேண்டும், முன்னால் குனிந்தார். நானும்தான் குனிந்தேன்.

"என்ன சொன்னாரு?"

"வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லல. ஆனா ராத்திரி படுக்கும்போது தோணுச்சு. கூப்பிடும்போது நான் 'நான்தான்'னு மட்டும்தான் சொன்னேன். எந்த நான், யாரு பொண்டாட்டி, எந்தத் தெருன்னு அவர் கேக்கல. ஒரு வீட்டுக் கதவைத் தட்டி 'நான்தான்'னு யாரும்மா சொல்லுவா? கடைக்காரன் சொல்லுவானா, விருந்தாளி சொல்லுவானா? அந்த வீட்டுப் பிள்ளைதான் சொல்லும்." பேசினிலிருந்து அந்த அம்மாவின் காலைத் தூக்கி மடியில் வைத்துத் துடைத்தார். "அதனால நான் அவரோட மக. இத்தனை வருஷமா வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு அடையாளச் சீட்டு தேடியிருக்கேன்."

ஜன்னலோரத்து அம்மா அவர் தலையை உற்றுப் பார்த்தார். வகிட்டோரம் முழுக்க வெள்ளை.

"மகளுக்கே இவ்வளவு நரைன்னா, அப்பாவுக்கு என்ன வயசு?"

அக்கா நகவெட்டியை எடுத்தார். முகத்தில் அப்படி ஒரு ஆர்வம். விடை தெரியாததில் அவருக்கு ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை.

"அது எனக்கும் தெரியணும்மா. கேட்டுட்டு வந்து சொல்றேன்."

"கேளு, கேளு" என்றார் அந்த அம்மா, காலை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி. "அதுக்குள்ள இதை முடி. இன்னொரு கால் வேற இருக்கு."